ஆபரேஷன் இல்லாமல் அடைப்பைக் கரைக்கிறோம் என்றார்கள், 1,85,000 ரூபாய் போனது

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்று மூன்றாவது முறையாக அந்தச் சிகிச்சை மையத்துக்குப் போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார் சார்" என்பதை நான்கு தடவை கேட்டேன். வெறுங்கையோடு திரும்பினேன். கோபத்தில் எழுதுவதால் முன்பின்னாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். 'அறுவை இல்லா இதய சிகிச்சை மையம்' என்று போர்டு மாட்டியிருக்கும் ரகம். கேபிள் டிவியில் ஓடுகிற விளம்பரம், ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர், 'பைபாஸா? ஒரு நிமிடம் யோசியுங்கள்!' என்ற நோட்டீஸ். எங்களுக்கு நடந்தது மதுரையில். உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். இந்த மாதிரி இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது, என்னென்ன கேட்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 64 வயது. அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. திருமங்கலத்தில் வீட்டிலிருந்து சந்தைக்கு நடக்கும்போது நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்தமாதிரி இருக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்றார். வாயு என்று நினைத்து இரண்டு மாதம் எலுமிச்சை சோடாவிலேயே ஓட்டிவிட்டார். அப்புறம் தாடை வரை வலி ஏறியதும்தான் என்னிடம் சொன்னார். ஆஞ்சியோகிராம் எடுத்தோம். இதயத்தின் முன்பக்கமாக இறங்குகிற முக்கிய ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு, வலது குழாயில் 60.

இதய மருத்துவர் அன்று என்ன சொன்னார் என்பதை இப்போது திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். "இடது பக்கத் தலைக்குழாய் சுத்தமா இருக்கு, பம்பிங்கும் நல்லா இருக்கு. மாத்திரைய ஒழுங்கா போட்டு ஒன்றரை மாசம் பார்ப்போம். வலி அடங்கலைன்னா ஸ்டென்ட் வைக்கலாம்." இவ்வளவுதான் சொன்னார். தலைக்குழாய் என்றது இதயத்தின் இடது பக்க ரத்தக்குழாய்கள் கிளை பிரிவதற்கு முன்னால் இருக்கிற தாய்க் குழாயை. ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கிற சின்ன வலைக்குழாய். எங்கள் காதில் விழுந்தது ஸ்டென்ட் என்ற ஒரு வார்த்தை மட்டும். ஆடி வேறு பிறக்கப் போகிறது, எதுவாக இருந்தாலும் ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த இடைவெளியில்தான் இவர்கள் நுழைந்தார்கள்.

வழி காட்டியது அத்தை. மாமாவுக்குப் பத்து வருடம் முன்பே பைபாஸ் ஆகிவிட்டது. போன வருடம் திரும்ப வலி வந்தபோது இன்னொரு தடவை அறுக்க முடியாது, ஸ்டென்டும் வைக்க இடமில்லை என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இஇசிபி என்ற சிகிச்சை கொடுத்தார்கள். கால், தொடை, இடுப்பில் பட்டைகளைக் கட்டி, இதயத் துடிப்புக்கு ஏற்பக் காற்றை ஏற்றி இறக்குவார்கள். இதயம் ஓய்வெடுக்கிற அந்தக் கண நேரத்தில் பட்டை இறுகி ரத்தத்தை இதயத்தின் பக்கம் தள்ளும். தினம் ஒரு மணி நேரம், 35 நாள். மாமாவுக்கு உண்மையிலேயே வலி குறைந்தது, மாடி ஏறுகிறார். மாமா பொய் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. இதை எழுதக் காரணம், நாளைக்கு யாரும் இஇசிபியே மோசடி என்று கிளம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1995லேயே நெஞ்சுவலிக்காக அனுமதி பெற்ற சிகிச்சை அது. ஆனால் அது வலியைக் குறைப்பதற்கு. அடைப்பைக் கரைப்பதற்கு இல்லை. எனக்கு இது தெரிந்தபோது 1,85,000 ரூபாய் போயிருந்தது.

அந்த மையத்துக்குப் போன முதல் நாளைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் நான் ஒன்றும் விவரம் தெரியாதவன் இல்லை, கணக்காளர் வேலை பார்க்கிறவன். கீழே செருப்புக் கடை, மேலே மாடியில் இவர்கள். உள்ளே ஏசி, பத்தி வாசனை, சுவரில் பிள்ளையார், பக்கத்தில் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு ரத்தக்குழாய்ப் படங்கள். ஒன்று அழுக்குக் குழாய், இன்னொன்று பளபளவென்று. வெள்ளைக் கோட்டு போட்டவர் வந்தார். அப்பாவின் ரிப்போர்ட்டை முழுதாகப் படித்தார். ஆஸ்பத்திரியில் நாலு நிமிடத்தில் எங்களை அனுப்பிவிட்டார்கள், இவர் நாற்பது நிமிடம் பேசினார். அப்பா எந்த டிப்போவில் வேலை பார்த்தார் என்று கேட்டார். அப்புறம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, முப்பது வருஷம் பஸ் ஓட்டின ஆளு நீங்க. ரேடியேட்டர்ல துரு புடிச்சா என்ன பண்ணுவீங்க? இன்ஜினையா பொளப்பீங்க? மருந்து ஊத்தி கழுவுவீங்கல்ல? அதேதான் இது."

அப்பா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாத மனிதர். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன், அதுதான் உண்மை.

அவர்கள் சொன்ன தொகுப்பு இது: இஇசிபி 35 சிட்டிங், 'கீலேஷன்' என்ற டிரிப் 20, மூன்று மாதத்துக்குப் பச்சை நிற கேப்ஸ்யூல். மொத்தம் 2,20,000. ஆடிச் சலுகையாக 1,85,000. ஆமாம், துணிக்கடை மாதிரி இதயத்துக்கும் ஆடித் தள்ளுபடி. அப்போது சிரிப்பு வரவில்லை, லாபமாகத்தான் தெரிந்தது. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினால்தான் சலுகை. ஒரு லட்சம் ஜிபேயில் அனுப்பினேன். 85,000 ரொக்கம், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தது. ஒரு லட்சத்துக்குப் பில் கொடுத்தார்கள், அதில் 'ஆரோக்கிய ஆலோசனைத் தொகுப்பு' என்று அடித்திருந்தது. சிகிச்சை என்ற வார்த்தையே இல்லை. 85,000க்கு ஒரு துண்டுச் சீட்டு, நம்பர் கிடையாது. கணக்காளன் நான். அடுத்தவன் பில்லில் பத்து ரூபாய் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவன். இதைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தேன்.

பணம் கட்டிய மறுநாள்தான் அந்தப் பேச்சு வந்தது. "ரத்தம் இளக்குற மாத்திரை, கொழுப்பு மாத்திரை எல்லாம் இனிமே வேணாம். கல்லீரல் கெட்டுப்போயிடும். நம்ம கேப்ஸ்யூலே அந்த வேலையைப் பார்த்துடும்." அப்பா அதுவரை சட்டைப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரைகளை வைத்திருப்பார். ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், நைட்ரேட் ஒன்று, அவசரத்துக்கு நாக்கின் அடியில் வைக்கிற சார்பிட்ரேட். மாதம் 1,100 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி டப்பாவை ஷெல்ஃபில் வைத்துவிட்டார்.

தினமும் காலையில் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போவேன். அப்பா படுத்திருப்பார், பட்டைகள் தடக் தடக் என்று இறுகும், ஒவ்வொரு இறுக்கத்துக்கும் உடம்பு ஒரு விரல் அளவு மேலே எழும்பும். தொடைத் தோல் உரசிச் சிவந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெண் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார். 17 நாளில் அந்த வெள்ளைக் கோட்டுக்காரரை இரண்டு தடவைதான் பார்த்தேன். ஆரம்பிக்கும் முன் பிரஷரைக்கூடச் சில நாள் பார்க்கவில்லை. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர், பெருந்தமனி வால்வு நன்றாகக் கசிகிறவர், காலில் ரத்தக்கட்டி இருப்பவர் இவர்களுக்கெல்லாம் இந்தப் பட்டையைக் கட்டவே கூடாதாம். எங்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வாக்கில் உட்கார்ந்திருக்கும்போதே வலி வருகிறது என்றார் அப்பா. கேட்டேன். "அடைப்பு இளகுது சார், அப்படித்தான் இருக்கும். நல்ல அறிகுறி." நல்ல அறிகுறியாம். நடந்தால் வந்துகொண்டிருந்த வலி சும்மா இருக்கும்போதும் வருகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

பதினேழாவது சிட்டிங் முடிந்த அன்று ராத்திரி மூன்று மணிக்கு அம்மா கதவைத் தட்டினார். அப்பாவின் பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை. 108 வந்தது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள், எங்கள் கையிலிருந்து அதற்குப் பணம் போகவில்லை. அப்பா பிழைத்துவிட்டார். இதயத்தின் பம்பிங் முன்பு இருந்த அளவு இல்லை.

அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பச்சைக் கேப்ஸ்யூல் டப்பாவை நீட்டினேன். "இதுக்கு முன்னாடி போட்டதெல்லாம்?" "நிறுத்தச் சொல்லிட்டாங்க டாக்டர்." பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் வார்டில் அவரே கூப்பிட்டு விளக்கினார். அடைப்பு என்பது குழாய்க்குள் படிகிற துரு இல்லை, குழாய்ச் சுவருக்குள்ளேயே வளர்கிற கொழுப்பும் தழும்பும் சுண்ணாம்பும் சேர்ந்த மேடு. அது வெடித்து, மேலே ரத்தம் உறைவதுதான் மாரடைப்பு. ஸ்டாட்டின், அதாவது அந்தக் கொழுப்பு மாத்திரை, அந்த மேட்டை இறுக்கி வைக்கும், ஆஸ்பிரின் உறைவதைத் தடுக்கும். இதயத் துடிப்பை நிதானப்படுத்துகிற மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தினாலே நெஞ்சுவலி கூடும். "நிறுத்தினதாலதான் வந்துச்சுன்னு நான் எழுதித் தர முடியாது. ஆனா நிறுத்தியிருக்கவே கூடாது" என்றார். அந்த டிரிப்பைப் பற்றியும் கேட்டேன். ஈயம் உடம்பில் ஏறினவர்களுக்குக் கொடுக்கிற மருந்தாம் அது. முதலில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,708 பேரிடம் சோதித்ததில் சர்க்கரைக்காரர்களுக்குக் கொஞ்சம் பலன் இருப்பதுபோலத் தெரிந்ததாம். மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் மறுபடி சோதித்து 2024ல் முடிவு வந்தபோது பலன் இல்லை.

அவர் சொன்னதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடத்தி 2020ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அப்பாவைப்போல நடந்தால் மட்டும் வலி வருகிற, தலைக்குழாய் சுத்தமாக இருக்கிறவர்களுக்கு, எடுத்தவுடன் ஸ்டென்ட், பைபாஸ் என்று போனாலும், முதலில் மாத்திரையோடு இருந்தாலும், மரணத்திலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஸ்டென்ட் வைத்தால் வலி நன்றாகக் குறையும், அது உண்மை. ஆனால் அப்பா தேடிக்கொண்டிருந்த ஆபரேஷன் இல்லாத வைத்தியம் அந்தச் சட்டைப் பை டப்பாவில்தான் இருந்திருக்கிறது. மாதம் 1,100 ரூபாய்க்கு. அரசு ஆஸ்பத்திரியில் வாங்கியிருந்தால் அதுவும் ஆகியிருக்காது. அதை நிறுத்த வைப்பதற்கு நான் 1,85,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

இனி பணம் கேட்ட கதை. முதல் தடவை போனபோது, "டாக்டர் சென்னை கிளைக்குப் போயிருக்கார்." வாட்ஸப்பில் ரசீதுகளை அனுப்பினேன், இரண்டு நீல டிக், பதில் இல்லை. இரண்டாவது தடவை ஒரு பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "35 சிட்டிங் முழுசா முடிச்சிருந்தா அட்டாக் வந்திருக்காதுன்னு சார் சொல்றார். பாதியில நிறுத்தினது நீங்கதான்" என்றார். ஐசியூவில் இருந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டை கட்டியிருக்க வேண்டும் போல. இன்று மேனேஜர் கடைசியில் வெளியே வந்தார். கையில் டீ. "ரீஃபண்ட் பாலிசி நம்மகிட்ட இல்ல சார். உங்களுக்காக ஒண்ணு பண்றேன், மீதி 18 சிட்டிங்கை உங்க அம்மா பேருக்கு மாத்தித் தர்றேன். அவங்களுக்கும் வயசாகுதுல்ல, முன்னெச்சரிக்கையா இருக்கும்."

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

விவரமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், இப்போது மணி பதினொன்றரை, அதற்குத் தெம்பில்லை. அவசரமாகச் சிலது. இருக்கிற மாத்திரையை நிறுத்து என்று யார் சொன்னாலும், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இதய நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், விளம்பரத்தைப் பார்த்ததும் போட்டோ எடுத்து வையுங்கள். சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், எங்கள் சீட்டில் இல்லை. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், ரொக்கம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இஇசிபி வேண்டும் என்றால் உங்கள் இதய மருத்துவரே எழுதிக் கொடுத்து, அவர் கண் எதிரில் நடக்கட்டும்.

1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு நாளை மனு கொடுக்கப் போகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை என்கிறார் வக்கீல் நண்பர், ஆனால் அந்த 85,000க்கு ஒழுங்கான ரசீது இல்லாததுதான் சிக்கல் என்றும் சொல்கிறார். மதுரையில் இதே மாதிரி துண்டுச் சீட்டு வைத்திருக்கிற யாராவது இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். அடகுக் கடையில் வட்டி கட்ட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.