பூச்சு யூரியாவை ஊறப்போட்டு அளப்பது: பல வருட அனுபவம்

பாலிமர் பூசிய யூரியா எவ்வளவு மெதுவாக நைட்ரஜனை விடுகிறது என்று பார்க்க எங்கள் ஆய்வகத்தில் பல வருடமாக ஓடுவது ஊறல் முறைதான். 10 கிராம் உரம், 250 மில்லி காய்ச்சி வடித்த நீர், மூடி போட்ட பாட்டில், 25 டிகிரி இன்குபேட்டர். குறித்த நாளில் நீரை முழுக்க வடித்துவிட்டுப் புது நீர் ஊற்றி மறுபடி உள்ளே வைக்கிறோம். வடித்த நீரில் உள்ள நைட்ரஜனை அளக்கக் கெல்டால் முறை, அதாவது அமிலத்தில் காய்ச்சி அம்மோனியாவாக்கி அளப்பது.

இதில் அரைக்கவே கூடாது. உர மாதிரி என்றாலே கை தானாக அரைவைக்குப் போகும். இங்கே அரைத்தால் பூச்சும் போச்சு, சோதனையும் போச்சு. முழுக் குருணைகளையே நான்கு நான்காகப் பிரித்துக் குறைத்து எடுக்க வேண்டும். மூட்டையில் உரசி உடைந்தவை கொஞ்சம் கூடினாலே முதல் நாள் எண் எகிறும். ஐரோப்பிய அளவுகோல்படி 24 மணி நேரத்தில் 15 சதவீதத்துக்கு மேல், 28 நாளில் 75 சதவீதத்துக்கு மேல் வெளியேறக் கூடாது. எனக்கு அதிகம் உதவுவது முதல் எண்தான். பூச்சின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிடும்.

நேரத்தை மிச்சப்படுத்த மின்கடத்துத்திறன் மீட்டரை நம்புபவர்கள் உண்டு. பூச்சு போட்ட என்.பி.கே. (தழை, மணி, சாம்பல் சத்து சேர்ந்த) உரத்துக்குச் சரி, அதன் உப்புகள் நீரில் அயனிகளாகப் பிரியும். யூரியா கரைந்தாலும் அயனியாகப் பிரியாது, அதனால் மீட்டரில் எண் ஏறாது.

கடைசி வாரங்களில் பாட்டிலைத் திறக்கும்போது அம்மோனியா நெடி அடித்தால், கிருமிகள் யூரியாவை உடைக்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அந்த நீரை அன்றைக்கே கெல்டால் அமிலத்தில் ஏற்றிவிடுவது நல்லது. அப்போது குருணைகள் ஊறிய ஜவ்வரிசி போல இருக்கும். விரலால் அழுத்தினால் நீர் பீச்சி வெறும் தோல் மிஞ்சும். கல் மாதிரி அமுங்காமல் இருப்பவை இன்னும் விடாதவை. முடிவில் மிச்சத்தை நசுக்கி அதிலுள்ள நைட்ரஜனையும் அளந்துவிடுவேன். கூட்டிப் பார்த்தால் மொத்தக் கணக்கு இடிக்கக் கூடாது.

வேம்பு பூசிய யூரியாவையும் இதே பாட்டிலில் போட்டுத் தரச் சொல்பவர்கள் நிறைய. 2015 முதல் இந்தியாவில் மானிய யூரியா முழுவதும் வேம்பு பூசியதாகவே வர வேண்டும் என்றான பிறகு, கேட்பதில் தப்பில்லை. ஆனால் நீரில் அது சாதா யூரியா மாதிரியே கரைந்துவிடும். மண்ணில் அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவதுதான் வேப்பெண்ணெயின் வேலை. அதைப் பார்க்க ஈரமண்ணில் கலந்து இன்குபேட்டரில் வைத்து, 2 மோலார் பொட்டாசியம் குளோரைடில் கரைத்தெடுத்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டு அம்மோனியத்தையும் அப்புறம் நைட்ரேட்டை அம்மோனியாவாக்கும் டெவார்டா உலோகக் கலவை போட்டு நைட்ரேட்டையும் தனித்தனியாகக் காய்ச்சி வடித்து அளக்க வேண்டும். வேலை கூடுதல், கட்டணமும் கூடுதல். அதைச் சொன்னதும் பாதிப் பேர் மாதிரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.