எண்ணெயில் பொரிப்பதா, மிசோவில் வதக்குவதா?

ஜப்பானில் பனி உருகி ஈரமண் தெரிந்ததும் முதலில் தலைகாட்டுவது ஃபுகினோதோ. ஃபுகி என்கிற செடியின் பூமொட்டு. எலுமிச்சம்பழ அளவுகூட இருக்காது, குட்டி முட்டைக்கோஸ் போல இலை சுற்றியிருக்கும். மலையில் தானாக முளைக்கும் இந்த மாதிரி மொட்டு, குருத்து, கீரைகளை எல்லாம் சேர்த்து சான்சாய் என்கிறார்கள், அதாவது மலைக்காய்கறி. சான்சாய் என்றாலே டெம்புராதான், அதாவது மாவில் தொட்டு எண்ணெயில் பொரிப்பதுதான் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

ஃபுகினோதோவையே எடுத்துக்கொள்வோம். இதன் கசப்பு பாகற்காய்க் கசப்பு மாதிரி இல்லை, மூக்குவரை ஏறுகிற மணத்தோடு வரும். டெம்புராவுக்கு மொட்டின் இலைகளைப் பூப்போல விரித்து, நீர்க்கக் கரைத்த மாவை வெளிப்புறத்தில் தொட்டு, 170 டிகிரி எண்ணெயில் முகம் கீழே இருக்கும்படி விட வேண்டும். இலை ஓரம் அப்பளம் போல நொறுங்கும், நடுவில் மட்டும் லேசாகக் கசக்கும். உப்பு தொட்டுச் சாப்பிடலாம். பிரமாதம்தான். ஆனால் எண்ணெய் கசப்பை அமுக்கிவிடுகிறது. முதல்முறை சாப்பிடுபவருக்கு அது நல்லது, கசப்புக்காகவே வாங்கியவருக்கு நஷ்டம். அப்புறம், பொரித்த ஐந்து நிமிடத்தில் சாப்பிடாவிட்டால் நமத்துப்போகும்.

ஃபுகி மிசோ வேறு வகை. மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது. வடகிழக்கில் தோஹோகு பக்கம் இந்த மொட்டுக்கு பக்கே என்று பெயர், அதனால் அங்கே இது பக்கே மிசோ. மொட்டை இரண்டு நிமிடம் வேகவைத்து, குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, பிழிந்து, பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கி, மிசோ, மிரின் என்கிற இனிப்பு அரிசி மது, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கிளறினால் முடிந்தது. வேகவைக்காமல் நேராக வாணலியில் நறுக்கிப் போடுபவர்களும் உண்டு. வெட்டிய இடம் சட்டென்று கறுத்துவிடும், அந்த அவசரத்தில்தான். மணம் அதில் தூக்கலாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபுகியில் கல்லீரலுக்கு ஆகாத ஆல்கலாய்டுகள் இயற்கையாகவே உண்டு. வேகவைத்து ஊறவைத்தால் அவை குறையும் என்று ஜப்பானின் வேளாண் அமைச்சகமே சொல்கிறது. டெம்புராவில் இந்த வேலைக்கே வழியில்லை. சூடான வெறுஞ்சோற்றின் மேல் கால் ஸ்பூன் மிசோ போதும், ஒரு கிண்ணம் சோறு இறங்கிவிடும். என் ஓட்டு இதற்குத்தான். பத்து மொட்டு கிடைத்தால் இரண்டு எண்ணெய்க்கு, எட்டு மிசோவுக்கு.

தாரானோமேயில் போட்டியே இல்லை, டெம்புராதான். முள் மரத்தின் நுனிக்குருத்து அது. கசப்பு குறைவு, உள்ளே மாவுபோல மிருதுவாக வேகும். அடித்தண்டு தடிமனாக இருந்தால் குறுக்கே கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிய பிறகும் தண்டு வேகாது. காட்டில் பறிப்பவர்கள் முதல் குருத்தை மட்டும் எடுத்துவிட்டு அடுத்ததை மரத்துக்கு விடுவார்கள்.

சுருண்ட பெரணிக்குருத்தான கோகோமியை மாவில் முக்குவது வீண் வேலை. இதில் கசப்போ காறலோ கிடையாது. கொதிநீரில் போட்டு எடுத்து, வறுத்து அரைத்த எள்ளும் சோயா சாஸும் பிசறினால் சரி.

வாராபிக்கு மட்டும் இந்த ஒப்பீடெல்லாம் செல்லாது. இதுவும் பெரணிதான், ஆனால் பச்சையில் புற்றுநோயோடு தொடர்புள்ள நச்சு இருக்கிறது. அதனால் முதலில் மரச்சாம்பல் அல்லது சமையல் சோடா தூவி, கொதிக்கும் நீர் ஊற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு, காலையில் நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். சரியாக வந்தால் கடிக்கும்போது நறுக்கென்றும், உள்ளே வெண்டைக்காய் வழவழப்போடும் இருக்கும், இஞ்சித் துருவலும் சோயா சாஸும் போதும். சோடா ஒரு சிட்டிகை கூடினாலும் காலையில் பாத்திரத்தில் இருப்பது பச்சைக் கூழ்.