போனட் இடிக்குமா: அளவு நாடாவா, அலுமினிய உருண்டையா, களிமண்ணா?

மாமாவின் டாட்சன் 120ஒய்யில் பழைய ஹிட்டாச்சி கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வெப்பர் 32/36 மாட்டலாம் என்று முடிவானதும் நான் முதலில் கேட்டது, "போனட் மூடுமா மாமா?" என்றுதான். அந்த வாரம்தான் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு பழைய வண்டியைப் பார்த்திருந்தேன். போனட் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ளேயிருந்து ஏர் ஃபில்டர் மூடியின் பட்டாம்பூச்சி நட் குத்தியது. பெயின்ட்டும் வெடித்திருந்தது. மனசு கேட்கவில்லை.

வெப்பர் நேராக உட்காராது. அடாப்டர் தட்டு, கேஸ்கெட்டுகள், சூடு தடுக்கும் பேக்கலைட் தட்டு என்று ஒன்றின் மேல் ஒன்றாக உயரம் ஏறிக்கொண்டே போகும்.

ஏர் ஃபில்டர் மூடிக்கும் போனட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க, சாமான் வாங்குவதற்கு முன்னால் நாடாதான் ஒரே வழி. இரண்டு மட்கார்டுக்கும் குறுக்கே நேரான சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஃபில்டர் மூடி எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்கலாம். ஆனால் போனட்டுக்கு அடியில் ஓடும் விலாச் சட்டத்தை நாடா கணக்கில் சேர்க்காது. பெரும்பாலும் இடிப்பது அந்த விலாதான். போனட் வளைந்து இறங்கும் பாதையும் அதில் தெரியாது.

அலுமினியத் தாளைத் தளர்வாக உருட்டி ஃபில்டர் மூடியின் மேல் வைத்து, போனட்டை மூடி நசுக்குவது பல போமன்கள் (மெக்கானிக்குகள்) செய்வது. வெயிலில் இளகாது, அது நல்லதுதான். ஆனால் நசுங்கிய ஓரம் சமமாக இருக்காது, தடிமன் அளக்கும் வெர்னியரை எங்கே பிடிப்பது என்று திணற வேண்டும். உருண்டு பேட்டரி முனையில் விழுந்தால் ஷார்ட். எனக்கு இது பிடிக்கவில்லை.

என் ஓட்டு களிமண்ணுக்கு. பிள்ளைகளின் பிளாஸ்டிசின் போதும். காய்ந்து போகும் வகை வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும் காலையில், ஃபில்டர் மூடியை மாட்டியபடியே நட்டின் மேலும் முன், பின் விளிம்பிலும் உருண்டைகளை ஒட்டுங்கள். போனட்டின் அடிப்பக்கம் லேசாக எண்ணெய் தடவினால் ஒட்டிக்கொண்டு வராது. பூட்டு விழும்வரை மெல்ல அழுத்தி மூடித் திறங்கள். பிளேடால் வெட்டினால் வெட்டுமுகத்தின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. நட்டின் மேல் எங்களுக்கு வந்தது 19 மி.மீ.

அதோடு நிறுத்தக் கூடாது. கியர் போட்டு மிதித்தால் எஞ்சின், தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டில் முறுக்கி எழும். புது உருண்டை வைத்து, எஞ்சின் சூடேறும் முன்னே தோட்டத்துச் செம்மண் சாலையில் மேடு பள்ளம் பார்த்து ஒரு சுற்று வந்தோம். வெட்டிப் பார்த்தால் 11. முறுக்கலுக்கே 8 மி.மீ. போய்விட்டது! நாடா இதைச் சொல்லவே சொல்லாது. நிற்கும்போது 25 கிடைத்தால் எனக்கு நிம்மதி.

மவுண்டைப் பார்த்தோம், ரப்பர் பிளந்து தொய்ந்திருந்தது. கித்தா (ரப்பர் மரம்) வெட்டிய கை மாமாவுக்கு. விரலால் அழுத்தியதுமே, "செத்த ரப்பர்டா தம்பி" என்றார். புது மவுண்ட் ஆட்டத்தைக் குறைக்கும், ஆனால் எஞ்சினைச் சற்றுத் தூக்கியும் விடும். அதனால் மாட்டிய அன்றே மறுபடி களிமண் வைத்தோம்: நிற்கும்போது 16, ஓட்டிய பிறகு 13. இப்போது உயரம் குறைந்த ஃபில்டர் தேடிக்கொண்டிருக்கிறோம்.