ஹைவே இரைச்சல்: டயரா, ஷீட்டா, பீடிங்கா, காரையே மாற்றுவதா?

நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு மாதம் இரண்டு தடவை போய்வருகிறேன், அம்மாவின் கண் ஆஸ்பத்திரிக்காக. அம்மாவுக்குப் பின் சீட்டுதான் பிடிக்கும். நாங்குநேரி டோல் தாண்டி வண்டி 100-ஐத் தொட்டதும் எங்கள் பேச்சு நின்றுவிடும். நான் ஏதாவது சொன்னால் "என்ன மக்ளே சொன்ன?" என்று முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிவார், அதையே மறுபடி கத்திச் சொன்னால் "ஏன் சத்தம் போடுத?" என்பார். வண்டி எட்டு வருஷப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பெயர் வேண்டாம், அந்த விலைக்கு எல்லாமே கிட்டத்தட்ட அப்படித்தான்.

டயர்க்கடைக்காரர் டயரை மாற்று என்றார். ஆக்சசரீஸ் கடைக்காரர் நாலு கதவுக்கும் தரைக்கும் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டு என்றார். பழகிய மெக்கானிக் கதவோர ரப்பர் பீடிங் போய்விட்டது என்றார். மச்சான் காரை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் வாங்கச் சொன்னார். நாலு பேரும் அவரவர் விற்பதைச் சொன்னார்கள் (மச்சானுக்கு விற்க எதுவுமில்லை, அவர் புதுசாக வாங்கியிருந்தார், துணைக்கு ஆள் வேண்டும்). மூன்று மாதம் இதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டதில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எல்லாவற்றையும் பின் சீட்டிலிருந்துதான் அலசியிருக்கிறேன், ஏனென்றால் ஓட்டுபவருக்கு அமைதியாகத் தெரிகிற கார் பின்னால் இருப்பவருக்கு அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

காசை எடுக்கும் முன் எந்தச் சத்தம் என்று பிரித்துப் பாருங்கள். காலியான ரோட்டில் 80-இல் ஐந்தாவது கியரில் போங்கள், அதே வேகத்தில் நாலாவதுக்கு இறக்குங்கள். கூடியது எஞ்சின் சத்தம். கூடாமல் அப்படியே இருந்தது டயரும் காற்றும். இனி தார் மாறும் இடத்தைக் கவனியுங்கள். பழைய சொரசொரப்பான ரோட்டிலிருந்து புதுத் தாருக்கு ஏறும்போது யாரோ ஸ்விட்சை அணைத்ததுபோல் அமைதியானால் உங்கள் எதிரி டயர். தார் எப்படியிருந்தாலும் மாறாமல் ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று வந்துகொண்டே இருந்தால் அது காற்று. இந்தக் காற்று இருக்கிறதே, அது வேகத்தோடு கண்டபடி ஏறும். 80-இலிருந்து 120 போனால் டயர் சத்தம் சுமார் 5 முதல் 7 டெசிபல் கூடும், காற்றுச் சத்தம் 10-ஐத் தொடும், 10 டெசிபல் என்றால் காதுக்கு இரண்டு மடங்கு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்றில் 80-இல் போனாலே மற்ற இடத்தில் 110 போகிற இரைச்சல் வரும். அங்கே போய் டெஸ்ட் டிரைவ் பண்ணிக் காரைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, டயர். எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். என் டயரில் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நாலு இலக்கம் 2318, அதாவது 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. வயதான ரப்பர் இறுகிவிடும், ரோட்டின் சொரசொரப்பை விழுங்காமல் அப்படியே பாடிக்குள் அனுப்பும். டயர்க்கடைப் பையன் என் கையைப் பிடித்துப் பின் டயர் மேல் வைத்துத் தடவச் சொன்னார். முன்னோக்கித் தடவினால் வழவழ என்று இருந்தது, பின்னோக்கித் தடவினால் உள்ளங்கையில் ரம்பப் பல் மாதிரி வெட்டியது. ஒவ்வொரு கட்டையும் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தேய்ந்திருந்தது. அலைன்மென்ட் பார்க்காமலும் டயரை இடம் மாற்றிப் போடாமலும் ஓட்டினால் இப்படி ஆகும், அந்தப் பற்கள் ரோட்டில் தட்டுவதுதான் ஹெலிகாப்டர் மாதிரி 'வவ்வவ்' என்று கேட்கிறது. வீல் பேரிங் போனாலும் ஏறக்குறைய இதே ஊளைதான். வித்தியாசம் என்னவென்றால், பேரிங் சத்தம் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மாறும். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கம் சாயும், அப்போது சத்தம் ஏறினால் இடது பேரிங்கைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் டயரை மாற்றிவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

எந்த டயர்? மிஷ்லின் ப்ரைமசி, கான்டினென்டல் கம்ஃபர்ட்கான்டாக்ட், பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா, யோகோஹாமா ப்ளூஎர்த் எல்லாம் சொகுசை நோக்கிச் செய்தவை. மைலேஜுக்கும் ஆயுளுக்கும் செய்த கெட்டியான டயரோடு ஒப்பிட்டால் இவை அமைதி, பொதுவாகச் சீக்கிரம் தேயவும் செய்யும். என் சைஸுக்கு நாலும் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டி வந்தது. டயரின் ஐரோப்பிய லேபிளில் டெசிபல் போட்டிருக்கிறதே என்று அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது 80-இல் உருண்டுபோகும் காரை ரோட்டோரத்தில் மைக் வைத்து அளந்தது, உள்ளே உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வருவது வேறு கணக்கு. பெரிய அலாய் வீல் போட்டு டயரின் உயரத்தைக் குறைத்தால் எந்த பிராண்டும் காப்பாற்றாது. காற்றை 40 பி.எஸ்.ஐ. அடித்துவைக்கும் பழக்கமும் அப்படித்தான், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவே போதும்.

இனி ஷீட். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் அது. கடையில் கதவுத் தகரத்தை விரல் முட்டியால் தட்டிக் காட்டுவார்கள், ஒட்டாத இடம் 'டங்', ஒட்டிய இடம் 'டக்'. பார்த்தவுடன் மயங்கிவிடுவோம். அந்த வித்தை உண்மைதான், ஆனால் அது தகரம் அதிர்வதை அடக்குகிறது, அவ்வளவே. கண்ணாடி வழியாகவும் இடைவெளி வழியாகவும் வரும் காற்றுச் சத்தத்துக்கு அது ஒன்றும் செய்யாது. கதவு கனமாக 'டொப்' என்று சாத்தும், ஸ்பீக்கரில் பேஸ் நன்றாக வரும், நாற்பதாயிரம் செலவழித்தவர் மனம் திருப்தியாகும், ஹைவேயில் ஏறினால் பழைய கதை. தகரம் முழுக்க ஒட்டவும் தேவையில்லை, ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் கால்வாசிப் பரப்பை மூடினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். முழு வண்டிக்கும் ஒட்டினால் முப்பது நாற்பது கிலோ கூடும். தார் கலந்த மலிவு ஷீட்டை மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள், சித்திரை வெயிலில் வண்டிக்குள் புதுத்தார் ரோடு நாற்றம் அடிக்கும்.

ஆனால் ஹேட்ச்பேக்கில் ஷீட்டுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது, கடைக்காரர் அதைக் கடைசியாகத்தான் சொல்வார். செடானில் டிக்கி தனி அறை, சீட்டுக்குப் பின்னால் தடுப்பு இருக்கிறது. ஹேட்ச்பேக்கில் அது கிடையாது, ஸ்டெப்னி பள்ளமும் பின் சக்கரத்தின் மேல் வளைவும் ஒரு பெரிய உடுக்கை மாதிரி இரைச்சலை நேராக அம்மாவின் முதுகுக்கு அனுப்புகின்றன. நான் கதவுகளை விட்டுவிட்டு டிக்கித் தரைக்கும் பின் வளைவுகளுக்கும் மட்டும் ஷீட் ஒட்டி, மேலே கெட்டியான ஃபோம் விரித்தேன். மொத்தத்தில் கால்வாசிச் செலவு. ஓட்டுகிற எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பின்னால் போய் உட்கார்ந்தபோது தெரிந்தது.

கதவைத் திறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பு ஒரு கடையில் ஸ்பீக்கர் மாற்றியபோது கதவு உறைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து அரைகுறையாக ஒட்டிவிட்டார்கள். அது குப்பை என்று நினைத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீரையும் காற்றையும் தடுப்பதே அந்தத் தாள்தான். கூடவே கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையும் அடைத்துப்போனதால், ஐப்பசி மழைக்குப் பிறகு பிரேக் போட்டால் கதவுக்குள் 'சளக்' என்று குடம் ஆடுகிற சத்தம் வந்தது.

பீடிங்குக்கு பத்து ரூபாய் நோட்டு போதும். கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டும், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. சின்ன இடைவெளிதானே என்று விடக்கூடாது, ஒரு கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தாலே அந்தக் கதவை இரும்புக் கோட்டையாக மாற்றினாலும் 20 டெசிபலுக்கு மேல் அது தடுக்காது. எனக்குப் பின் கதவு இரண்டிலும் கம்பெனி பீடிங்கே மாற்றினேன். ஆன்லைனில் மீட்டர் கணக்கில் விற்கும் டி வடிவ ரப்பரும் பரவாயில்லை, தடிமனாக வாங்கிவிட்டால் கதவை அறைந்துதான் சாத்த வேண்டியிருக்கும்.

அப்புறம் காசே செலவில்லாத ஒன்று. ஜன்னலுக்கு மேல் ஒட்டிய மழை வைசர்களைப் பிய்த்தேன், கூரைக் கேரியரைக் கழற்றினேன். கண்ணாடி ஓரச் சீறலில் பாதி அதோடு போயிற்று. மழையில் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைக்க முடியாதே என்று அம்மாவுக்கு மட்டும் வருத்தம்.

காரை மாற்றுவதைப் பார்ப்போம். மச்சான் சொன்ன எலெக்ட்ரிக்கிலிருந்தே தொடங்கலாம். நெக்ஸான் இ.வி.யோ க்ரெட்டா எலெக்ட்ரிக்கோ, ஊருக்குள் சொர்க்கம், அதில் வாதமே இல்லை. 100-இல் எஞ்சின் சத்தம் ஏற்கெனவே சிறுபான்மைதான், அதை எடுத்துவிட்டால் அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த டயரும் காற்றும் மேடைக்கு வருகின்றன. அதிலும் இவை உயரமான உடம்புகள். எலெக்ட்ரிக் வாங்கப் பத்துக் காரணம் இருக்கலாம், ஹைவே அமைதி அந்தப் பட்டியலில் நான் நினைத்ததைவிடக் கீழே இருக்கிறது.

இன்னோவாக்களில் க்ரிஸ்டா 2.4 லிட்டர் டீசல், லாரி போல் தனிச் சட்டத்தின் மேல் பாடி. நிற்கும்போது டீசல் என்று தெரியும், ஆனால் ஐந்தாவது கியரில் 100-இல் எஞ்சின் நிதானமாகச் சுற்றும், நடு வரிசை இரண்டு அச்சுக்கும் இடையில் வருவதால் பின் சக்கரம் தொலைவில். ஹைக்ராஸ் பெட்ரோல் ஹைபிரிட், சக்கர அச்சு இடைவெளி 2850 மி.மீ., க்ரிஸ்டாவைவிட 100 கூடுதல். சமதளமான என்.எச். 44-இல் இது அமைதி, ஆனால் லாரியை முந்த மிதித்தால் கியர் இல்லாத அந்த எஞ்சின் மிக்ஸி மாதிரி ஒரே சுருதியில் ஏறும். மலைப்பாதைக்காரர்கள் கவனிக்க. க்ராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைபிரிட்டிலும் இதே ஏற்பாடு, ஆனால் எஞ்சின் மூன்று சிலிண்டர்.

மூன்று சிலிண்டரில் என்ன என்கிறீர்களா? 3000 ஆர்.பி.எம்.-இல் நாலு சிலிண்டர் விநாடிக்கு 100 தடவை வெடிக்கும், மூன்று சிலிண்டர் 75 தடவை. தாழ்ந்த சுருதி, காதைவிட நெஞ்சில் அதிகம் தெரியும். வெர்டஸ், ஸ்லாவியா செடான்களில் 1.0 லிட்டர் எஞ்சின் மூன்று சிலிண்டர், 1.5 நாலு. தொடர்ந்து ஹைவே ஓட்டுபவர் கூடுதல் காசு கொடுக்க நியாயமான இடம் இது. வெர்னா, சிட்டி எல்லாம் 1.5 நாலு சிலிண்டர், தனி டிக்கி, தாழ்ந்த உடம்பு. அம்மா மாதிரிப் பின்சீட்டுக்காரர்களுக்கு இந்த விலையில் எந்த எஸ்.யூ.வி.யையும்விட நாலு சிலிண்டர் செடான் என்பேன், ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைத்தால். அங்கேதான் எங்களுக்கு உதைத்தது.

யார் எது வாங்கினாலும், ஷோரூம் டிரைவ் என்பது ஏ.சி. போட்டு, பாட்டுப் போட்டு, ஊருக்குள் மூன்று கிலோமீட்டர். பைபாஸுக்குப் போகக் கேளுங்கள், சாவியைக் கூட வந்த வீட்டாள் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்காருங்கள், பாட்டை அணைத்து ஏ.சி.யை ஒன்றில் வையுங்கள். ஜன்னலைப் பாதி இறக்கிக் கண்ணாடியின் விளிம்பைப் பாருங்கள், நடுவில் மெல்லிய கோடு தெரிந்தால் இரண்டு அடுக்குக் கண்ணாடி, காற்றுச் சத்தத்துக்கு நல்லது, விலை கூடிய கார்களில்தான் பெரும்பாலும் இருக்கும். டாப் வேரியண்டில் பெரிய சக்கரமும் ஒல்லி டயரும் வந்தால் நடு வேரியண்டையும் ஓட்டிப் பாருங்கள், அதுவே அமைதியாக இருக்க வாய்ப்புண்டு.

நான் காரை மாற்றவில்லை. வைசர், டயர், டிக்கி ஷீட், இரண்டு பீடிங் என்ற வரிசையில் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துக்குள் முடிந்தது. முன்பு 100-இல் பாட்டு கேட்க வால்யூம் 21 வேண்டும், இப்போது 15. போன வாரம் கயத்தாறு தாண்டியதும் அம்மா பின்னாலிருந்து பெரியம்மா வீட்டு நிலத் தகராறை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சாத்தூரில் காராச்சேவு வாங்க நிறுத்தும்வரை ஓயவில்லை, நடுவில் மச்சான் போன் பண்ணியபோது நான் அவரைப் பற்றி முணுமுணுத்ததும் அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.