ரூட்டரில் யூபிஎன்பியை நிறுத்திவிட்டேன்: சில வருட அனுபவம்

வீட்டு ரூட்டர் செட்டிங்கில் யூபிஎன்பி (UPnP) என்று ஒரு டிக் இருக்கும். பெரும்பாலும் வாங்கும்போதே ஆன் ஆகித்தான் வரும். அதை எடுத்துவிட்டுச் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், தருமபுரியில் எங்கள் வீடு, காவேரிப்பட்டணம் பக்கம் மாமாவின் மாந்தோப்பு வீடு, கிருஷ்ணகிரியில் மச்சானின் மாங்காய் மண்டி என மூன்று இடத்திலும். யூடியூப், வாட்ஸ்அப் கால், ஆன்லைன் கிளாஸ், கேமரா ஆப் எதுவும் நிற்கவில்லை.

அது செய்யும் வேலை இதுதான். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியாவது "வெளியிலிருந்து இந்த எண்ணுக்கு வருவதை என்னிடம் அனுப்பு" என்று ரூட்டரிடம் கேட்டால், பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் ரூட்டர் அந்தப் போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள கதவை, திறந்துவிடும். கேட்டது கேம் கன்சோலா, வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரா என்று அதற்குத் தெரியாது. 1999-ல் இதற்கென்று ஒரு கூட்டமைப்பு தொடங்கியபோது, வீட்டுக்குள் இருப்பதெல்லாம் நம்பிக்கையான கருவி என்ற எண்ணத்தில் கட்டினார்கள். 2013-ல் ரேபிட்7 என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இணையம் முழுக்கத் தேடிப் பார்த்தபோது 8 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் யூபிஎன்பிக்கு வெளியிலிருந்தே பதில் சொல்லின. வீட்டுக்குள் மட்டும் பேச வேண்டியது வெளியே பேசிக்கொண்டிருந்திருக்கிறது. 2018-ல் அகமாய் என்ற இணையச் சேவை நிறுவனம் சொன்னது இன்னும் மோசம்: 45,000-க்கும் அதிகமான ரூட்டர்களில் யாரோ வெளியிலிருந்தே யூபிஎன்பி வழியாக விதிகளைச் செருகி, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களின் ஃபைல் பகிரும் 139, 445 போர்ட்டுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். 2017-ல் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அதே 445 வழியாகத்தான்.

இதெல்லாம் எங்கோ நடக்கிற விஷயம் என்று விட முடியாதபடி செய்தது மச்சானின் மண்டி. உலாவியில் 192.168.1.1 என்று அடித்து (உள்ளே போக வேண்டிய பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருந்தது) யூபிஎன்பி பட்டியலைத் திறந்தால் வரிசையாக 80, 554, 8000. மூன்றுமே 192.168.1.64-க்குப் போகிறது, அதாவது கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆருக்கு. மச்சான் அதைத் திறக்கச் சொல்லவில்லை, டிவிஆரே கேட்டு வாங்கிக்கொண்டது. கேமரா மாட்டிய ஆள் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டுதான் அதில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது, இணைப்போ பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி. எடைமேடை, பணம் எண்ணும் மேஜை, லாரி நிற்கும் இடம் எல்லாம் அந்தக் கேமராவில் தெரியும். சீசன் நேரத்தில் அந்த மேஜையில் எவ்வளவு பணம் புரளும் என்று கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நிறுத்திட்டா போன்ல கேமரா தெரியாமப் போயிடுமா மாப்ள?" என்றார். தெரியும். க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற ஆப் என்றால் டிவிஆர் தானே வெளியே போய்க் கம்பெனி சர்வரோடு பேசுகிறது, அதற்கு உள்ளே வரும் கதவு எதுவும் வேண்டாம். டிக்கை எடுத்து, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு (பழைய வரிகள் சில ரூட்டரில் அதுவரை அப்படியே இருக்கும்), பட்டியல் காலி என்று பார்த்துவிட்டு, டிவிஆர் பாஸ்வேர்டையும் மாற்றினோம். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அவர் ஆப்பைத் திறந்தார், எல்லாக் கேமராவும் வந்தது.

எங்கள் வீட்டிலும் தோப்பிலும் கதை வேறு. ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (WAN IP, இணையப் பக்கத்து முகவரி) என்று இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் முகவரியைப் பலரோடு சேர்த்துப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது உங்கள் ரூட்டர் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் அதை எட்ட முடியாது. பலன் இல்லாத ஒன்று எதற்கு ஆனில் இருக்க வேண்டும்?

கம்ப்யூட்டர் பக்கம் நான் ரொம்பக் கை வைக்கவில்லை. விண்டோஸில் வீட்டுக்குள் இருக்கும் கருவிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் எஸ்எஸ்டிபி டிஸ்கவரி (SSDP Discovery) என்ற சர்வீஸை நிறுத்தினால், கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை டிவியில் தேடிப் பார்ப்பது நின்றுவிடும். அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் பில் போடுவதைத் தவிர வேறு வேலை இல்லை, அதில் நிறுத்தினேன், என்னுடையதில் விட்டுவிட்டேன். ரூட்டரில் நிறுத்துவது இதைப் பாதிக்காது, டிவியும் கம்ப்யூட்டரும் வீட்டுக்குள்ளேயே நேராகப் பேசிக்கொள்ளும். அப்புறம், இதோடு சேர்த்து ஐபிவி6 என்ற புதுவகை இணைய முகவரி முறையையும் அணைக்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். நம் ஊரில் நிறைய டிராஃபிக் அதில்தான் போகிறது. அதற்கு ரூட்டரின் ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இழப்பு என்றால் கேம் ஆடுபவர்களுக்கு, அதுவும் பப்ளிக் ஐபி இருந்தால் மட்டும். கன்சோல் நாட் டைப் ஸ்ட்ரிக்ட் (NAT Type: Strict) என்று காட்டி நண்பர்களோடு சேர விடாது. அவர்கள் தங்கள் கன்சோலுக்கு மட்டும் கையால் போர்ட் திறந்துகொள்ளலாம், எக்ஸ்பாக்ஸுக்கு 3074.

நாள்பட்ட பிறகுதான் தெரிந்த ஒரு தொல்லை உண்டு. கோடை மழையில் இடி இறங்கித் தோப்பு வீட்டில் ஃபைபர் பெட்டி போய்விட்டது, லைன்மேன் வந்து புதுசு மாட்டிவிட்டுப் போனார், மாமா நெட் வந்ததோடு சரி என்று விட்டுவிட்டார். அடுத்த முறை போய்ப் பார்த்தால் யூபிஎன்பி மறுபடி ஆன். ரீசெட் பட்டனை அழுத்தினாலும் இதே நிலைதான். அதனால் இப்போது டிவிஆரின் நெட்வொர்க் மெனுவுக்குள் போய் அங்கே இருக்கும் யூபிஎன்பி டிக்கையும் எடுத்துவிடுகிறேன். பெட்டி மாறி ரூட்டரில் ஆன் ஆகிவிட்டாலும், டிவிஆர் கேட்காது.