ரிங் ஃபிட்டா, ஜஸ்ட் டான்ஸா, கினெக்ட்டா: பிள்ளையை எழுப்பி ஓட வைப்பது எது?

வெளியே போய் விளையாட மறுக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி என்றால், நான் சொல்வது நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோகேம் கருவியில் ரிங் ஃபிட் அட்வெஞ்சர். கையில் ஒரு வளையத்தைப் பிடித்து, தொடையில் பட்டை கட்டி ஆடும் விளையாட்டு அது.

எக்ஸ்பாக்ஸ் வீடியோகேம் கருவியோடு இணைக்கும் கேமராவான கினெக்ட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கேமரா உடல் முழுவதையும் பார்ப்பது அதன் பலம். ஆனால் ஒருவர் ஆடவே கேமராவிலிருந்து சுமார் ஆறடி தள்ளி நிற்க வேண்டும், இருவருக்கு எட்டடி. நடுவில் டீபாய் கூடாது. 2017இல் தயாரிப்பும் நின்றுவிட்டது.

மற்ற இரண்டில், சென்சார் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். திரையில் ஆடுபவரைப் பார்த்து ஆடும் ஜஸ்ட் டான்ஸ், ஸ்விட்ச்சில் கணக்கில் எடுப்பது வலது கையில் பிடித்திருக்கும் ஜாய்-கானை (ஸ்விட்ச்சின் சிறு கைக்கருவி) மட்டும். பிள்ளைகள் இதை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். சோபாவில் சாய்ந்தபடி கையை மட்டும் வீசினாலே மதிப்பெண் ஏறும். ரிங் ஃபிட்டில் வலது ஜாய்-கான் வளையத்தில், இடது ஜாய்-கான் இடது தொடைப் பட்டையில். தொடை அசையாவிட்டால் திரையில் ஓட்டம் இல்லை. ஏமாற்றவே முடியாது என்று சொல்லவில்லை; பட்டையைக் கழற்றிக் கையில் ஆட்டினாலும் ஓடும். ஆனால் வளையத்தை அழுத்த இரண்டு கையும் வேண்டுமே!

வழுக்கும் நைலான் ஷார்ட்ஸ்மேல் கட்டினால் பட்டை முட்டிக்கு இறங்கி, செய்த ஸ்குவாட்டே கணக்கில் வராது, பிள்ளை வெறுத்துப்போகும். பருத்தித் துணிமேல், தொடையின் மேல்பகுதியில் இறுக்கிக் கட்டுங்கள். அண்ணன் தங்கைக்குத் தனித்தனி யூசர் வையுங்கள். அண்ணன் பலத்துக்கு அளந்த வளையம் தங்கைக்கு அழுந்தாது. மாடி வீடென்றால் சைலன்ட் மோட் போடுங்கள். ஓட்டத்துக்குப் பதில் முட்டியை மடக்கி நிமிர்ந்தால் போதும்.

கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஆட்ட முடிவில் திரையில் வருவது உண்மையாக அசைந்த நேரம். டிவி முன் நின்றதைவிட அது வெகுவாகக் குறைந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்வது தினமும் சராசரி 60 நிமிடம்.

வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதும் உதவாது. 2012இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நின்டெண்டோவின் பழைய வீ கருவியும் இப்படி உடலை அசைத்து ஆடும் விளையாட்டுகளும் கொடுத்து 13 வாரம் அளந்தார்கள். உட்கார்ந்தே ஆடும் சாதாரண வீடியோகேம் பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாக அசையவில்லை. நேரம் குறித்து, கூட ஒருவர் நிற்க வேண்டும்.

ஸ்விட்ச்சின் சிறிய வகையான ஸ்விட்ச் லைட்டை டிவியில் இணைக்க முடியாது. அடுத்து வந்த ஸ்விட்ச் 2 வைத்திருந்தால் பழைய ஸ்விட்ச்சின் ஜாய்-கான் ஜோடியும் வாங்க வேண்டும். புதியது வளையத்தில் பொருந்தாது. ஆறேழு வயதுக்கு வளையம் பெரிது என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு ஜஸ்ட் டான்ஸ் போதும், கூடச் சேர்ந்து ஆட ஆள் இருந்தால்.