மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் எந்த டென்ட்?

இருவர் படுக்கும் இலகு டென்ட் என்றாலே எல்லோரும் முதலில் எடையைத்தான் கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டு வாங்கியவன்தான். கொட்டும் மழையில் உள்டென்ட்டை நிறுத்தி, மேல்துணியைப் போர்த்துவதற்குள் உள்ளே குளம் கட்டிவிட்டது. அந்த ராத்திரியோடு என் முதல் கேள்வி மாறிப்போனது: மேல்துணி முதலில் ஏறுமா?

பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் போன்ற, தானாக நிற்கும் டென்ட்டுகள் இங்கேதான் சறுக்குகின்றன. ஏறக்குறைய 1.4 கிலோ, இரண்டு வாசல், முளை இறங்காத பாறையிலும் நிறுத்தலாம். ஆனால் வழக்கப்படி நிறுத்தினால் வலைத்துணி உள்டென்ட்தான் முதலில் நனையும்.

ஹில்லெபெர்க் அஞ்சன் 2 சுரங்க வடிவம், சுமார் 1.8 கிலோ. உள்ளும் வெளியும் கோத்தபடியே ஒரே மூச்சில் எழும்பும். முனைப்பக்கம் காற்றைப் பார்த்திருக்கும்வரை அசையாது. நள்ளிரவில் காற்று திசை மாறி விலாவில் அடித்தால் டென்ட்டின் வளைகம்புகள் நெளியும், துணி படபடக்கும், தூக்கம் போச்சு.

டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 2 நம் ட்ரெக்கிங் கம்புகள் இரண்டையே தூணாக்கிக்கொள்கிறது. அதனால் எடை 1.1 கிலோவை ஒட்டித்தான். மேல்துணி முதலில், அதன் நிழலில் உள்டென்ட்டை மாட்டலாம். காலையில் மழை விடாவிட்டாலும் உள்டென்ட்டைக் காய்ந்தபடியே மடித்துவிட்டு, ஈரத்துணியைக் கடைசியில் கழற்றலாம். ஆனால் உயிரெல்லாம் நான்கு மூலை முளைகளில். ஒன்று பிடுங்கினால் கூரை முகத்தில்.

எடைப்பட்டியலில் தெரியாத ஒன்று, துணி. நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். சாயங்காலம் தம்பட்டம் போல் இழுத்துக் கட்டியது, இரண்டு மணிக்குத் தொப்பை போட்டு உள்டென்ட்டைத் தொடும். தூக்கப்பையின் கால்மாட்டில் சொட்டும். எழுந்து போய்க் கயிற்றை இறுக்க வேண்டும். அஞ்சனின் மேல்துணி சிலிகான் பூசிய நைலான். கிழிசலைத் தாங்குவதில் கெட்டி, ஆனால் இந்தத் தொல்லை உண்டு. எக்ஸ்-மிட்டின் பாலியஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது. டைனீமா என்ற உறுதியான இழைத்துணி தொய்யவே தொய்யாது, விலைதான் மயக்கம் வரவைக்கும்.

மழைக்குப் பயந்து காற்றுத் துளைகளை மூடாதீர்கள். இரண்டு பேர் மூச்சுக்கு எந்த டென்ட்டும் உள்ளே வியர்க்கும்.

மரங்களுக்கு நடுவே, மழைதான் பெரிய தொல்லை என்றால் எக்ஸ்-மிட்டை எடுப்பேன். மறைவில்லாத மேட்டில் பல இரவு என்றால் 700 கிராமைக் கூடுதலாகச் சுமந்து அஞ்சன். எதுவானாலும், காற்றடிக்கும் பக்கத்துக்கு மட்டும் நீளமான ஒய் வடிவ முளைகளை எடுத்துப்போய், முளையின் தலையில் ஒரு கல்லும் ஏற்றிவிடுவேன்.